சூட்டில் நிற்கும் வண்டியும் சூடே காணாத நம்ம லேபும்



"நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் இயங்கும் விதத்தைப் படத்துடன் விளக்குக." இந்தக் கேள்வியை நடுராத்திரியில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் ஹாஸ்டலில் பாதிப் பேர் பாயில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடுவோம். சக்‌ஷன், கம்ப்ரஷன், பவர், எக்ஸாஸ்ட். படத்தில் அம்புக்குறி கூடத் தப்பாது. ரெக்கார்டு நோட்டில் ஸ்கெட்ச் பென்னால் சிவப்பும் நீலமும் தீட்டி 'குட்' வாங்கியவர்கள்தானே நாமெல்லாம்?

எனக்கும் அந்த மிதப்பு இருந்தது, மாமா வண்டியைக் கொல்லிமலையில் பார்க்கும் வரைக்கும்.

என் தாய்மாமாவுக்குத் தவணை வியாபாரம். ஸ்டெயின்லெஸ் பாத்திரம், பிளாஸ்டிக் குடம், போர்வை என்று ஒரு 100 சிசி வண்டியில் மூட்டையாகக் கட்டிக்கொண்டு நாமக்கல்லில் புறப்பட்டு, சேந்தமங்கலம் தாண்டி, அடிவாரம் காரவள்ளியிலிருந்து மலை ஏறுவார். 70 கொண்டை ஊசி வளைவு. சோளக்காட்டில் இறங்கி ஊர் ஊராகப் போய் பழைய பாக்கி வசூல் செய்து, புதுச் சரக்குக் கொடுத்துவிட்டு சாயங்காலம் இறங்குவார். அந்த வண்டி ஓடினால்தான் அந்த வீட்டில் உலை கொதிக்கும். அதில் கொஞ்சம் நம்ம காலேஜ் ஃபீஸாகவும் வந்திருக்கிறது என்பதால் எனக்கும் அந்த வண்டியிடம் கடன் உண்டு.

அந்த வண்டிதான் போன வருடம் மலையில் நிற்க ஆரம்பித்தது. காரவள்ளி வரைக்கும் ஒரு குறையும் இல்லை. இருபது, இருபத்தைந்து வளைவு ஏறியதும் இழுவை குறையும். வளைவில் திரும்ப ஆக்சிலேட்டரைக் குறைத்தால் அவ்வளவுதான், அணைந்துவிடும். கிக்கரை மிதித்து மிதித்து முழங்கால் வலிக்கும். அரை மணி நேரம் மரநிழலில் நிறுத்தினால், ஒன்றுமே நடக்காதது போல ஒரே மிதியில் ஸ்டார்ட் ஆகும். இறங்கும்போது நின்றதே இல்லை. கீழே டவுனில் மெக்கானிக் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினால் பச்சைப் பிள்ளை மாதிரி சிரிக்கும். "நல்லாத்தானே இருக்குதுங்க அண்ணே?" என்பார் அவர்.

நாலு மாதம் இந்தக் கூத்து நடந்தது. முதலில் பிளக் மாற்றப்பட்டது. பிறகு கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி, ஜெட் செட் புதிதாகப் போட்டார்கள். பிறகு சிடிஐ யூனிட். ஒவ்வொரு முறையும் "இனிமே நிக்காதுங்க" என்று உறுதி. ஒவ்வொரு முறையும் இருபத்தைந்தாவது வளைவில் அந்த உறுதி காற்றில் போனது. ஒருநாள் மழையில் மாட்டிக்கொண்டு சரக்கெல்லாம் நனைந்து, மாமா வீட்டுக்கு வந்தபோது இரவு பத்து மணி. அத்தை என்னைப் பார்த்துக் கேட்டார்கள்: "ஏன் மாப்ள, இதுக்குத்தானே நீ படிக்கிற?"

இந்தக் கேள்விக்கு எந்த வைவாவிலும் விடை இல்லை நண்பர்களே!

நான் என்ன செய்தேன் தெரியுமா? புத்தகத்தைப் புரட்டினேன். தாமிரக் கம்பியின் மின்தடை ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஏறக்குறைய 0.4 சதவீதம் கூடும். 100 டிகிரி சூடு ஏறினால் 40 சதவீதம். ஆகா, சூட்டில் நிற்கிறதென்றால் காயில்தான்! முடிந்தது கேஸ். வண்டியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், வாசல் திண்ணையில் உட்கார்ந்தபடியே தீர்ப்பு எழுதினேன். மாமா என்னை நம்பி இக்னிஷன் காயில் வாங்கிப் போட்டார். அடுத்த வாரம் இருபத்தாறாவது வளைவில் நின்றது. ஒரு வளைவு முன்னேற்றம்!

மெக்கானிக் மூன்று பொருளை மாற்றினார், நான் ஒன்றை மாற்றினேன். அவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அவர் கையில் கிரீஸ் இருந்தது, என் கையில் ஹால் டிக்கெட் இருந்தது. இரண்டு பேருமே நின்றுபோன வண்டியைப் பார்க்கவே இல்லை. ஓடுகிற வண்டியைப் பார்த்துவிட்டு, ஏன் நிற்கிறது என்று ஜோசியம் சொல்லிக்கொண்டிருந்தோம். காய்ச்சல் விட்ட பிறகு தெர்மாமீட்டர் வைத்தால் என்ன காட்டும்?

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் இரண்டு நண்பர்களும் இன்னொரு வண்டியில் மாமா பின்னாலேயே மலை ஏறினோம். கையில் ஒரு பிளக் ஸ்பேனர், ஒரு நல்ல பிளக், ஸ்க்ரூ டிரைவர், காலி தண்ணீர் பாட்டில், துணி. மாமா வழக்கம்போல முழு மூட்டையுடன்.

போவதற்கு முன்னால் எங்களுக்குள் பெரிய பட்டிமன்றம். ஒருவன், "மேலே போகப் போகக் காத்து கம்மிடா, மிக்சர் ரிச் ஆகி அமுங்குது" என்றான். ஆயிரம் மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 10 சதவீதம் குறையும், அது வாஸ்தவம். ஆனால் அதற்காக வண்டி நிற்பதென்றால் கொல்லிமலையில் ஒரு வண்டியும் ஓடக் கூடாதே! இன்னொருவன் டேங்க் மூடி என்றான். அது நல்ல சந்தேகம். மூடியில் காற்றுப் போக ஒரு சின்னத் துளை உண்டு. அது அழுக்கடைத்தால், பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பெட்ரோல் இறங்குவது நின்றுபோகும். கொஞ்ச நேரம் நிறுத்தினால் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போய்விடும், வண்டி ஓடும். ஆக, அது சூட்டுக் கோளாறு மாதிரியே வேஷம் போடும். சூட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது!

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். வண்டி சாவது எல்லாம் ஒரே மாதிரி சாவு இல்லை. சுவிட்சை அணைத்தது போலப் பட்டென்று நின்றால் பெரும்பாலும் கரண்ட் பக்கம் பார்க்க வேண்டும்: பிக்கப் காயில், மேக்னெட் காயில், சிடிஐ. சூட்டில் கம்பிச் சுற்று உள்ளே விட்டுப்போய், ஆறியதும் மறுபடி ஒட்டிக்கொள்ளும். விக்கி, இருமி, முன்னும் பின்னும் இழுத்து நின்றால் பெட்ரோல் பக்கம்: மூடி, ஃபில்டர், நாப், ஜெட். அந்த நேரத்தில் சோக்கை இழுத்தால் கொஞ்சம் பிழைக்கிறதா? அப்படியானால் பெட்ரோல் போதவில்லை, அல்லது இன்லெட் ரப்பரில் வெடிப்பு விழுந்து வெளிக்காற்று புகுகிறது. சோக்கை இழுத்தால் இன்னும் மோசமாகிறதா? பிளக் கரி பிடித்திருக்கிறதா? ஏர் ஃபில்டர் அடைப்போ, கார்புரேட்டர் நிரம்பி வழிவதோ இருக்கலாம். பின்சக்கரத்தைப் பிடித்து இழுத்தது போல எஞ்சின் இறுகி நின்றால் ஆயில் இல்லாமல் பிஸ்டன் பிடிக்கிறது என்று பொருள். அப்போது கிக்கர் மீது ஏறிக் குதிக்கக் கூடாது, ஆயிலைப் பார்க்க வேண்டும். ஆர்எக்ஸ் 100 மாதிரி டூ ஸ்ட்ரோக் வண்டி வைத்திருந்தவர்களைக் கேளுங்கள், 2டி ஆயில் ஊற்ற மறந்த கதை ஆளுக்கொன்று சொல்வார்கள். கடைசியாக ஒரு சாவு உண்டு. பலம் மெல்லமெல்லக் குறைந்து, ஆக்சிலேட்டர் கொடுக்கும் வரை ஓடி, விட்டதும் ஐடிலில் நிற்காமல் அடங்கிப் போவது. அந்தச் சாவுக்கு எஞ்சின் ஹெட்டுக்குள் பார்க்க வேண்டும்.

மாமா வண்டி எந்த ரகம் என்று மேலே எழுதியதைப் படித்தாலே உங்களுக்குத் தெரிந்திருக்கும். வளைவில் ஆக்சிலேட்டரைக் குறைத்தால் அணைகிறது. நாலு மாதமாக மாமா இதையே சொல்லிக்கொண்டிருந்தார். நான்தான் காதில் வாங்கவில்லை.

இருபத்தாறாவது வளைவு. நின்றது. ஓரமாக ஸ்டாண்டு போட்டு, சாவியை அணைத்துவிட்டு ஆரம்பித்தோம்.

டேங்க் மூடியைத் திறந்தேன். 'உஸ்' என்ற சத்தம் இல்லை. மூடியைத் திறந்து வைத்தே ஒரு உதை கொடுத்தோம், ஸ்டார்ட் ஆகவில்லை. மூடி நிரபராதி. சைலன்சரில் சிந்திவிடாமல் கார்புரேட்டர் அடியில் பாட்டிலைப் பிடித்து டிரெயின் ஸ்க்ரூவைத் தளர்த்தினோம், பெட்ரோல் நிற்காமல் கொட்டியது. பெட்ரோலும் நிரபராதி. அதை மூடித் துடைத்து, பாட்டிலைத் தூரமாக வைத்துவிட்டு, நல்ல பிளக்கைக் கேப்பில் செருகி, பிளக் ஓட்டையிலிருந்து தள்ளி ஹெட்டில் ஒட்டிப் பிடித்து உதைத்தோம். நீலமாகப் பளீர் பளீர் என்று தீப்பொறி. காயிலும் நிரபராதி, நான் வீணாக வாங்க வைத்த புதுக் காயில்! பிளக்கைத் திரும்ப மாட்டி, கிக்கரைக் கையால் அழுத்தினேன்.

பொதபொதவென்று இறங்கியது. சைலன்சர் பக்கமிருந்து 'புஸ்ஸ்' என்று ஒரு மூச்சு.

காலையில் வீட்டு வாசலில் இதே கிக்கரைக் கையால் அழுத்தியபோது கல் மாதிரி எதிர்த்து நின்றது. இப்போது எதிர்ப்பே இல்லை. கம்ப்ரஷன் எக்ஸாஸ்ட் வால்வு வழியாக ஓடிக்கொண்டிருந்தது. நாலு மாதமாகத் தெரியாதது ஐந்தே நிமிடத்தில்! அரை மணி நேரம் உட்கார்ந்து கொண்டுபோன கடலையைத் தின்றுவிட்டு மறுபடி அழுத்தினேன். கல்!

இதில் வேடிக்கை என்னவென்றால், கோளாறைப் பார்க்க வேண்டியது சூட்டில், சரிசெய்ய வேண்டியது ஆறிய பிறகு. டேப்பெட் இடைவெளியைக் குளிர்ந்த எஞ்சினில்தான் அளக்க வேண்டும். மறுநாள் காலை ஸ்டார்ட் செய்யாமலே டேப்பெட் மூடியைக் கழற்றி, மேக்னெட்டில் 'டி' குறியைக் கொண்டுவந்து, கம்ப்ரஷன் முடிவில் நிற்கிறதா என்று இரண்டு ராக்கரையும் ஆட்டிப் பார்த்தோம். இன்லெட் ராக்கர் லேசாக ஆடியது. எக்ஸாஸ்ட் ராக்கர் அசையவே இல்லை. லேபில் கையெழுத்துப் போட்டு வாங்கிவந்த ஃபீலர் கேஜில் 0.05 மி.மீ. தகடுகூட நுழையவில்லை.

முதல் வருட பிசிக்ஸில் படித்தோமே, நீள்விரிவு? 7 செ.மீ. எஃகுத் தண்டு 300 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் நீளும். எஞ்சின் ஹெட்டும் கூடவே விரிகிறது என்பதால் கம்பெனிக்காரன் முடியளவு இடைவெளிதான் விடுகிறான். அந்த முடியளவும் இல்லையென்றால் நீண்ட வால்வுக்குப் போக இடமில்லை, சீட்டில் உட்காராமல் திறந்தே நிற்கும். வால்வு தன் சூட்டின் பெரும்பகுதியை இறக்கி வைப்பதே சீட்டில் உட்காரும் அந்த ஒரு கணத்தில்தான். உட்காராவிட்டால் இன்னும் சூடு, இன்னும் நீளம், இன்னும் திறப்பு. இப்படியே ஓட்டினால் விளிம்பு கருகி வால்வே போய்விடும். மலையில் ஏன் நின்றது, டவுனில் ஏன் நிற்கவில்லை என்பதற்கும் விடை இதில் இருக்கிறது. முழு மூட்டை, செகண்ட் கியர், முக்கால் ஆக்சிலேட்டர், ஆனால் வேகம் இருபதுதான். எஞ்சின் துடுப்புகளுக்குக் காற்று எங்கே வரும்? போதாததற்கு மாமா முன்பக்க கிராஷ் கார்டில் இரண்டு பை வேறு தொங்கவிட்டிருந்தார், வருகிற காற்றையும் மறைத்துக்கொண்டு!

எக்ஸாஸ்ட் டேப்பெட்டை மேனுவலில் உள்ள அளவுக்குத் தளர்த்தி வைத்தோம். பையைப் பின்னால் மாற்றிக் கட்டினோம். செலவு பூஜ்யம். அடுத்த சந்தை நாள் 70 வளைவும் ஏறி சோளக்காட்டிலிருந்து மாமா போன் பண்ணினார். "மாப்ள... டீ குடிச்சிட்டு இருக்கறேன்." அவ்வளவுதான் சொன்னார்.

சரி, டேப்பெட்டை யார் இறுக்கியது? அங்கேதான் என் கட்டுரையின் வில்லன் வருகிறான் என்று நினைக்கிறீர்களா? மெக்கானிக்கிடம் கேட்டேன். "உங்க மாமாதாங்க தம்பி சொன்னாரு. டிக் டிக்குனு சத்தம் வருது, எரிச்சலா இருக்குது, டைட் பண்ணி உடுன்னாரு." மாமா தலையைச் சொறிந்தார். சத்தம் போடும் டேப்பெட்டை எல்லாருக்கும் கேட்கும், சத்தமே போடாத டேப்பெட் வால்வைத் தின்பது யாருக்கும் கேட்காது.

அந்த மெக்கானிக்கைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. ஒரு நாளைக்கு எட்டு வண்டி பார்க்கிறார். கொல்லிமலைக்கு ஏறி இறங்க அரை நாள் போகும். அந்த அரை நாளுக்கு யார் கூலி கொடுப்பது? "புதுசா எதுவும் மாத்தலைங்க, என்ன கோளாறுன்னு கண்டுபிடிச்சேன், 500 ரூபாய் கொடுங்க" என்று அவர் கேட்டால் நாம் கொடுப்போமா? "என்னய்யா மாத்துன?" என்றுதான் கேட்போம். பொருளுக்குக் காசு கொடுப்போம், புத்திக்குக் கொடுக்க மாட்டோம். அப்புறம் அவர் பொருளை மாற்றாமல் என்ன செய்வார்? மாமா செலவழித்த மூவாயிரத்துச் சொச்சத்தில் நாம் எல்லாரும் பங்காளிகள்.

இப்போது நம் வீட்டுக்கு வருகிறேன், அதாவது நம்ம லேபுக்கு.

நம்ம ஆட்டோமொபைல் லேபில் எத்தனை எஞ்சின் இருக்கிறது? பாதியாக வெட்டி சிவப்பு, நீலம் பெயின்ட் அடித்த எஞ்சின் ஒன்று. கழற்றிக் கழற்றி போல்ட் தேய்ந்துபோன எஞ்சின் இரண்டு. கழற்று, வரை, மாட்டு, ரெக்கார்டில் கையெழுத்து வாங்கு. பாவம், அந்த எஞ்சின்கள் பெட்ரோல் வாசனை பார்த்து எத்தனை வருடம் ஆகிறதோ! செத்த உடம்பை அறுத்துப் படிப்பது டாக்டருக்கும் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் காய்ச்சலில் கிடக்கும் நோயாளியைத் தொடாமலே ஒருவர் டாக்டர் ஆகிவிட்டால் நாம் அவரிடம் ஊசி போட்டுக்கொள்வோமா?

என் கருத்து இதுதான். லேபில் ஒரு ஓடுகிற வண்டி வேண்டும். அதில் வேண்டுமென்றே கோளாறு வைக்க வேண்டும். ஒரு வாரம் டேங்க் மூடித் துளையில் டேப் ஒட்டுங்கள். ஒரு வாரம் இன்லெட் போல்ட்டைத் தளர்த்துங்கள். ஒரு வாரம் எக்ஸாஸ்ட் டேப்பெட்டை இறுக்குங்கள். மாணவன் என்ன சோதனை செய்தான், எந்த வரிசையில் செய்தான், எதை எப்படி நிரபராதி என்று தள்ளினான் என்று எழுத வேண்டும். அதற்குத்தான் மார்க். 'பிளக் மாற்றினேன், ஓடியது' என்று எழுதினால் முட்டை!

"பெட்ரோலுக்கு யார் காசு தருவது?" என்று உடனே ஒரு குரல் கேட்கும். 100 சிசி வண்டியை ஒரு மணி நேரம் நிறுத்தி ஐடிலில் ஓடவிட்டாலும் அரை லிட்டர் கூடக் குடிக்காது. வகுப்புக்கு ஆளுக்கு 2 ரூபாய் போட்டால் தீர்ந்தது. "தீ பிடித்தால்?" நியாயமான கேள்வி. சுவர் இல்லாத பின்பக்க ஷெட்டில் வைக்கலாம், புகையும் உள்ளே தங்காது. மணல் வாளியும் தீயணைப்புச் சிலிண்டரும் பக்கத்தில் இருக்க வேண்டும், இன்ஸ்ட்ரக்டர் இல்லாமல் சாவி போடக் கூடாது. ஓடாமல் நிற்கும் வண்டிக்குக் காற்றுப் படாது என்பதால் ஒரு பெடஸ்டல் ஃபேனை முன்னால் வைக்க வேண்டும். அந்த ஃபேனைக் கொஞ்ச நேரம் அணைத்தால் போதும், கொல்லிமலை நம்ம ஷெட்டுக்கே வந்துவிடும்!

இன்னொரு குரலும் உண்டு, சீனியர்களிடமிருந்து. "டேய், 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்ததிலிருந்து பெரும்பாலும் ஃபியூவல் இன்ஜெக்‌ஷன்தான். இனிமே கார்புரேட்டரைப் படிச்சு என்ன பண்ணப் போறே?" முதலாவதாக, 2020-க்கு முந்தைய வண்டிகளெல்லாம் கடலில் போய் விழுந்துவிடவில்லை, நம்ம சைக்கிள் ஸ்டாண்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். இரண்டாவதாக, இன்ஜெக்‌ஷன் வண்டியில் கிராங்க் பொசிஷன் சென்சார் என்று ஒரு சுருள் இருக்கிறது. அதுவும் சூட்டில் விட்டுப்போய், ஆறினால் ஒட்டிக்கொள்ளும் சாதிதான். ஸ்கேனர் ஒரு நம்பரைக் காட்டும். அந்த நம்பர் சென்சாரையா, ஒயரையா, கனெக்டரையா குறிக்கிறது என்று ஸ்கேனர் சொல்லாது. நம்பரைப் பார்த்துச் சென்சாரை மாற்றுகிறவனுக்கும், திண்ணையில் உட்கார்ந்து காயில் வாங்கச் சொன்ன எனக்கும் என்ன வித்தியாசம்?

எலெக்ட்ரிக்கல் நண்பர்களுக்கும் இதில் வேலை உண்டு. ஒரு பழைய பிக்கப் காயிலில் மல்டிமீட்டரை மாட்டிவிட்டு, ஹேர் டிரையரால் மெல்லச் சூடாக்குங்கள். நல்ல காயில் என்றால் ஓம்ஸ் சீராக ஏறும், நான் திண்ணையில் போட்ட கணக்குப்படியே. கெட்ட காயில் என்றால் ஒரு கட்டத்தில் மீட்டர் எல்லையில்லாத் தடைக்குத் தாவும். ஆறினால் திரும்பி வரும். அந்தத் தாவலை ஒருமுறை கண்ணால் பார்த்தவன் இனி எந்தக் காயிலையும் குளிர்ந்த நிலையில் அளந்து 'நல்லாருக்கு' என்று சொல்ல மாட்டான்.

மாணவர் பேரவைக்கு என் விண்ணப்பம். இந்த வருட நிதியில் ஒரு கலைநிகழ்ச்சியைக் குறைக்கச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை, அடி விழும். வண்டி வாங்கவே வேண்டாம். மாமா போன மாதம் வேறு வண்டி எடுத்துவிட்டார். பழைய வண்டியை விற்காமல் வீட்டுத் திண்ணை ஓரம் நிறுத்தி வைத்திருக்கிறார். கேட்டேன். "உங்க காலேஜுக்குன்னா எடுத்துட்டுப் போ மாப்ள. ஆர்சி புக்கும் தர்றேன்" என்றார். பின்பக்க ஷெட்டில் இப்போது உடைந்த பெஞ்சுகள்தான் கிடக்கின்றன. ஷெட் சாவி பிரின்சிபால் ரூமில் இருக்கிறது. செயலாளர் அவர்கள் ஒரு கடிதம் எழுதி வாங்கித் தந்தால், வண்டியை நாமக்கல்லிலிருந்து ஓட்டிக்கொண்டு வருவது என் பொறுப்பு. வழியில் நிற்காது.